கணப்புக்கு ஒரு கதவு

"இந்தக் கணப்புக்கு ஒரு கதவு போடணும், அம்மை" என்றான் மாசிலாமணி.

அங்கம்மை சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"காத்தடிச்சா பொறி பறக்குது."

"ஆமாம், பறக்குது. எந்தக் கதவுன்னு நீயே பார்த்து வாங்கிட்டு வா."

மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் பாதி வழியில் தங்கிப் போகிற மடம் அது. வாசலில், திறந்த வெளியில், மூன்று பக்கம் கல் எழுப்பி, மேலே மூடிப் புகைபோக்கி வைத்த கணப்பு. பனியில் நனைந்து வருகிறவர்கள் அதன் முன்னே உட்கார்ந்து குளிர்காய்வார்கள். ஏறி வரும்போது ஆளுக்கொரு கட்டை கொண்டுவந்து அந்தத் தீயில் வைக்க வேண்டும். மடத்துக்கு அதுதான் காணிக்கை. அங்கம்மை வேறு எதையும் வாங்குவதில்லை.

மாசிலாமணியைவிட அவள் வயதில் சிறியவள். இருந்தும் அவன் அவளிடம் சீடனாக வந்து சேர்ந்தான். தண்ணீர் சுமக்கிறேன், சோறு வடிக்கிறேன், மாட்டைக் கழுவுகிறேன் என்று எல்லா வேலையும் கேட்டான். கணப்பை மட்டும் கேட்கவில்லை.

அவள் அதைத்தான் கொடுத்தாள்.

அவன் மகள் தேனு ஒரு மார்கழிக் காலையில் போய்விட்டாள். வீட்டு வாசலில் சருகைக் கூட்டி எரித்து அவனும் மனைவி செங்கமலமும் மகளும் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். காற்று திரும்பியது. ஒரு பொறி. பாவாடை நுனி.

அதன் பிறகு அவன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அவர்கள் ஊரில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பிள்ளையின் பெயரோடு அம்மாவைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். பிள்ளை பெயர் வாயில் வராமல் போகவே, செங்கமலத்தைக் கூப்பிட அவனிடம் சொல் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பேச்சு இல்லை. ஒருநாள் சொல்லாமல் மலையேறி வந்துவிட்டான்.

மலையடிவாரத்து இரும்புப் பட்டறையில் கொல்லர் கேட்டார்.

"உள் அடுப்பா, வெளி அடுப்பாங்க?"

"வெளியே."

"அப்பக் கண்ணாடிக் கதவு வேண்டாம். காய்ஞ்ச கண்ணாடியில மழைத்துளி பட்டா விரிஞ்சிடும். இந்தக் கம்பிவலைத் தட்டி நல்லாருக்கும். முன்னால நிறுத்தினாப் போதும். பொறி தாண்டாது, சூடு வரும்."

"சூடும் வரக்கூடாது."

கொல்லர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க அடுப்பு?"

மாசிலாமணி மூலையில் கிடந்த இரும்புத் தகட்டைக் காட்டினான்.

"சரி. இரட்டைத் தகடு வெச்சு, நடுவுல மண் அடைச்சுத் தரேன். கோட்டைக் கதவு மாதிரி நிக்கும். தட்டியையும் எடுத்துட்டுப் போங்க. வேண்டாட்டித் திருப்பிக் கொண்டாங்க."

கதவு வந்தது. இரண்டு பக்கமும் கீல் வைத்து, நடுவில் தாழ்ப்பாள். கம்பிவலைத் தட்டியை மடத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

அன்று மாலை தீ மூட்டினான். மூட்டிய கையோடு கதவைச் சாத்தித் தாழிட்டான். ஒரு பொறி வெளியே வரவில்லை. மாசிலாமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அங்கம்மை வந்து, சாத்திய கதவின் முன்னே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டாள்.

"சூடு வராது, அம்மை."

"தெரியுது."

"பின்னே ஏன் கையை நீட்டுறீங்க?"

"பழக்கம்."

அவள் புறங்கையையும் திருப்பிக் காட்டினாள்.

"உள்ளே தீ இருக்கா?"

"இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"புகை வருதே."

அவள் தலையாட்டினாள். கையை மடக்கவில்லை.

மலையில் மார்கழிப் பனி இறங்கியது. யாத்திரைக்காரர்கள் சிலர் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். கொண்டுவந்த கட்டைகளை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"அடுப்புக்கும் பூட்டா?" என்றார் ஒரு பெரியவர். "தீயை எவன் திருடிட்டுப் போகப்போறான்?"

மாசிலாமணி அவர்களுடைய கட்டைகளை வாங்கி ஓரமாக அடுக்கினான். போர்வை கொடுத்தான். சுக்குத் தண்ணீர் கொடுத்தான். எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"வழியே தெரியலை தம்பி" என்றார் பெரியவர். "எப்பவும் வளைவு திரும்பினதும் இங்க வெளிச்சம் தெரியும். அதைப் பிடிச்சு வந்துடுவோம். இன்னைக்கு அந்தப் பள்ளத்துப் பாதையில இறங்கப் பார்த்தோம். நல்ல வேளை, புகை வாசனை வந்துச்சு."

"ஆமாம்" என்றாள் அவர் மனைவி. "எங்க பின்னாலயே ஒரு பொண்ணு தனியா வந்துச்சே. வந்து சேர்ந்துடுச்சா?"

"யாரும் வரலை" என்றான் மாசிலாமணி.

"கையில ஒரு கட்டை வெச்சிருந்துச்சு. விறகு மாதிரி இல்லை. நடைவண்டிக் கைப்பிடி மாதிரி, சிவப்புச் சாயம் அடிச்சது."

சுக்குத் தண்ணீர்ச் செம்பு அவன் கையிலிருந்து நழுவியது.

அந்த நடைவண்டியை அவன்தான் செய்தான். சிவப்புச் சாயமும் அவன் பூசியதுதான். நன்றாக ஓடத் தெரிந்த பிறகும் தேனு அதை விடவில்லை. பொம்மைகளை ஏற்றி ஊரெல்லாம் தள்ளிக்கொண்டு போவாள்.

போன மார்கழியிலும் செங்கமலம் மலையேறி வந்தாள். கணப்பின் முன்னே உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் இறங்கிப் போகும்வரை இவன் மாட்டுக்கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

மாசிலாமணி அங்கம்மையைப் பார்த்தான். அவள் இன்னும் கதவுக்கு நேராகக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினான். இரண்டு கதவையும் விரியத் திறந்தான்.

உள்ளே அடங்கிக் கிடந்த தீ காற்றைக் கண்டதும் எழுந்தது. பொறிகள் அவன் தலைக்கு மேலே பறந்தன. அவன் கால்கள் பின்னுக்கு இழுத்தன. நகராமல் நின்றான். ஓரத்தில் அடுக்கிய கட்டைகளையெல்லாம் எடுத்து உள்ளே போட்டான். வெளிச்சம் பனிக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றது.

அது போதாது. கூப்பிட வேண்டும்.

வளைவு வரைக்கும் போனான். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கீழே பள்ளத்தில் எங்கோ ஒரு கல் உருளும் சத்தம் கேட்டது.

"தேனம்மா" என்று கூப்பிட்டான்.

மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

"தேனம்மா. தேனம்மா, இந்தப் பக்கம். வெளிச்சத்தைப் பாரு."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, கீழேயிருந்து, "வரேங்க" என்றது ஒரு குரல்.

முழங்காலில் சிராய்ப்போடு செங்கமலம் வந்து சேர்ந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு நேராகக் கணப்பின் முன்னே போய் உட்கார்ந்தாள். சிவப்புக் கைப்பிடி மடியில் இருந்தது.

"வீட்டில வேற விறகு இல்லையா?" என்றான் அவன்.

"இருந்துச்சு."

அவள் அதை எடுத்து ஒருமுறை துடைத்தாள். தீயில் வைத்தாள். சாயம் முதலில் பொரிந்தது. பிறகு மரம் பிடித்துக்கொண்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அவள் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"கிட்டப் போகாதே" என்றான் அவன். "உனக்குப் பயமா இல்லையா?"

"பயம்தான்."

கையை எடுக்காமல் அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"குளிருதுங்களே."

மாசிலாமணி எழுந்து போனான். சுவரில் சாய்த்திருந்த கம்பிவலைத் தட்டியைத் தூக்கிவந்து அவளுக்கும் தீக்கும் நடுவில் நிறுத்தினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினான்.