கார்ட்டா, காரா

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். அங்கே கியர் வைத்த கார்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் ரெஜினா. தரையை ஒட்டி ஓடும் சின்ன பந்தய வண்டி அது. கதவு இல்லை, கூரை இல்லை, பெல்ட் இல்லை. அடியில் ஸ்பிரிங்கும் இல்லை. தடத்தில் கிடக்கும் ஒரு சின்னக் கல்கூட நேராக விலா எலும்புக்கு வந்து சேரும்.

அவளிடம் கற்றவர்களில் பூவேந்தன்தான் கெட்டிக்காரன். அவளைவிட நான்கு வயது இளையவன். ஒரு மாலை மூச்சிரைக்க வந்தான்.

"அக்கா, சென்னை டீம்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய ரேஸ் கார். ஒரு சீசன் முழுக்க."

"நல்லது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். போலாமா வேண்டாமான்னே தெரியலைக்கா. கார்ட்டா, காரா? எதுல த்ரில் அதிகம்?"

ரெஜினா எழுந்தாள். உள்ளே போய்த் தன்னுடைய கார்ட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

"ஏறு."

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். பூவேந்தன் பறந்தான். கடைசி வளைவில் பின்சக்கரங்கள் வழுக்கின. வண்டி சுவரைப் பார்த்துத் திரும்பியது. எப்படியோ இழுத்துப் பிடித்தான்.

இறங்கினான். சேற்றில் உட்கார்ந்து சிரித்தான்.

"இதுக்கு மேல ஒண்ணு இருக்குமாக்கா?"

"நீயே சொல்லு."

அவன் சென்னைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அதே தடத்தில் எப்போதும் அவனிடம் தோற்கிற வின்சென்டுக்கு அந்த இடம் போனது.

 ரெஜினா வழக்கம்போல் பயிற்சி கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு பூவேந்தன் சென்னைக்குப் பந்தயம் பார்க்கப் போனான். வின்சென்ட் மூன்றாவதாக வந்தான். கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கையாட்டினான்.

"கார்ட்ல இருந்த மாதிரி இருக்காடா?" என்று கேட்டான் பூவேந்தன்.

வின்சென்ட் கொஞ்சம் யோசித்தான். "கார்ட்டா? சத்தியமா ஞாபகமே வரலைடா. நேர் ரோட்டுல அழுத்தினா, நெஞ்சு பின்னால தங்கிடுது. நீ ஏன் வேண்டாம்னே?"

அதற்குள் யாரோ கூப்பிட, அவன் ஓடிவிட்டான்.

பூவேந்தன் ஊர் திரும்பியதும் நேராகத் தடத்துக்குப் போனான். ரெஜினா கார்ட்டின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ரேஸ் கார் ஓட்டினப்போ எப்படி இருந்துச்சு?"

"நான் ஓட்டினதில்லை."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு டீம் தேர்வுக்குப் போனேன். எல்லாரையும்விட வேகமா கார்ட் ஓட்டிக் காட்டினேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கார் எதுக்குன்னு வேற ஆளை எடுத்துக்கிட்டாங்க."



"இதை ஏன் அன்னைக்குச் சொல்லலை? நான் உங்களை நம்பித்தானே கேட்டேன்?"

ரெஜினா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எதுல த்ரில் அதிகம்னு கேட்டே. எனக்கு எது கிடைச்சுதுன்னு நீ கேக்கலையே."