அழுங்கு கீறிய பத்துக் கோடுகள்

பனிமேட்டுக் காட்டு விலங்குகள் சொந்தமாக ஓர் அணு உலை வைத்திருந்தன. அதற்கு வேண்டிய யுரேனியத்தைத் தோண்டித் தருவது செதிலன் என்ற அழுங்கின், அதாவது எறும்புதின்னியின், வேலை. எறும்புப் புற்றைத் தோண்டிப் பழகிய நகம் ஆயிற்றே! உலையின் வெப்பத்தால்தான் காட்டுக்கோழிகளின் முட்டைகள் குளிருக்குத் தப்பின.

செதிலனுக்கு ஒரு வழக்கம். பத்து மழைக்காலத்துக்குப் போதுமான யுரேனியம் கண்ணில் பட்டுவிட்டால் மேற்கொண்டு தேடாது. சுரங்க வாசலில் பத்துக் கோடு கீறிவிட்டுச் சுருண்டு படுத்துவிடும்.

அந்தக் கோடுகளை நயவன் என்ற நரி பார்த்துவிட்டது. உலை வருவதற்கு முன்பு காட்டுக்கு விறகு கொடுத்தது அதுதான். கட்டுக்கு ஒரு கோழிக்குஞ்சு கூலி! அந்த ருசி அதன் நாக்கை விட்டுப் போகவே இல்லை.

"ஐயோ, மோசம் போனோம்! இன்னும் பத்தே மழைதான்! பிறகு யுரேனியம் ஒரு பொடிகூடக் கிடையாது. இன்றே உலையை மூடுங்கள். விறகுக்கு நானாச்சு!" என்று ஊளையிட்டது நரி.

காடே கலங்கியது. பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்த காட்டுக்கோழிக்குப் பாதி உயிர் போய்விட்டது. தலைவி யானை செதிலனைக் கூப்பிட்டது.

"பத்துக் கோடு போட்டது நீதானா?"

"நான்தான் அம்மா. என் அப்பா காலத்திலும் பத்துக் கோடுதான். அது நாங்கள் தேடிக் கண்ட அளவு. மலையில் உள்ள அளவு இல்லை!"

"மழுப்பாதே!" என்றது நரி.

செதிலனுக்குக் கோபம் வந்தது. ஆனால் பதறவில்லை. "நரியாரே, உம் வளையில் இப்போது எத்தனை எலி இருக்கிறது?"

"இரண்டு."

"அப்படியானால் நாளை மறுநாள் பட்டினி கிடந்து சாவீரோ?"

"நான் ஏன் சாக வேண்டும்? தேடிப் பிடிப்பேன்! பக்கத்தில் இல்லாவிட்டால் தூரமாகப் போவேன்!"

சொன்ன பிறகுதான் நரி நாக்கைக் கடித்துக்கொண்டது. குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன.

"நானும் அப்படித்தான்!" என்றது செதிலன். "மேலே தீர்ந்தால் ஆழத்தில் தோண்டுவேன். உழைப்பு கூடும், அவ்வளவுதான். எரிந்து முடிந்தது என்று உலையிலிருந்து ஒதுக்கினோமே, அதிலும் இன்னும் மிச்சம் இருக்கிறது!"

"பேச்சு போதும், காட்டு!" என்றது யானை.

செதிலன் மலைக்குள் புகுந்தது. மண் பறந்தது. சாயங்காலம் யுரேனியம் கலந்த புதிய பாறைத் துண்டோடு வெளியே வந்து, வாசலில் பதினோராவது கோட்டைக் கீறியது. "இனிமேல் பத்தோடு நிறுத்த மாட்டேன் அம்மா," என்றது.

உலை அணையவில்லை. மூன்றாம் நாள் பன்னிரண்டு முட்டைகளும் பொரிந்தன. நரி தூரத்தில் நின்று எச்சிலை விழுங்கியது.

கண்டது இவ்வளவுதான் என்பதால் உள்ளதும் இவ்வளவுதான் என்று அஞ்சுகிறவர், தேடாமலே தோற்றுப்போவார்.