மூக்கையன் பிடுங்காத துவரஞ்செடி

“பிடுங்குண்ணே! இப்பவே பிடுங்கு!” என்று செல்லாயி கத்தினாள்.

செல்லாயி ஒரு கௌதாரி. அவள் கத்தியது மூக்கையன் என்ற காட்டுப்பன்றியிடம். விஷயம் ஒரு துவரஞ்செடி. போன வருஷத்துச் செடி அது. அறுப்பு முடிந்த பிறகும் மூக்கையனின் வரப்பில் தனியாக நின்று மறுபடியும் தழைத்திருந்தது. சுற்றிலும் இந்த வருஷத்துத் துவரை இன்னும் ஒரு முயல் உயரம்கூட வரவில்லை.

அந்தக் காட்டோர நிலம்தான் அங்கே எல்லாருக்கும் சோறு. மழை நின்று புல் காய்ந்துவிட்டால் துவரையை விட்டால் வேறு தீனி கிடையாது. அதை நம்பித்தான் செல்லாயி அங்கே கூடு கட்ட இடம் பார்த்து வைத்திருந்தாள்.

“எதுக்குப் பிடுங்கணும்? எவ்வளவு புசுபுசுன்னு இருக்கு பாரு புள்ள!” என்றான் மூக்கையன்.

“இலையைப் பாருண்ணே! சின்னதாப் போய், மஞ்சளும் பச்சையுமாத் தேமல் விழுந்திருக்கு. ஒரு மொட்டாவது இருக்கா? இது மலட்டு நோய். இலைக்கு அடியில சிலந்திப்பேன் இருக்கும். அது இங்க உறிஞ்சின வாயோட அடுத்த செடியில போய் உறிஞ்சும். அதுக்கும் நோய் ஒட்டிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க காடு இப்படித்தான் போச்சு.”

“பேனா? எங்கே? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே!”

“உன் கண்ணுக்கு என்னைக்கு எது தெரிஞ்சுது? பிடுங்கிப் பள்ளத்துல போட்டு மண்ணை மூடு. இன்னைக்கே!”

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு செடி யார் வரப்பில் நிற்கிறதோ அவர்தான் அதைத் தொடலாம். செல்லாயி தொடக்கூடாது. தொட்டாலும் அவள் கொத்துகிற கொத்துக்கு அந்த வேர் அசையாது. மூக்கையனுக்கு ஒரே முட்டு போதும். அந்தக் காட்டில் அவன் தோண்டாத இடமே இல்லை. முயல் வளையைத் தோண்டுவான். மயில் முட்டையிட்ட இடத்தைத் தோண்டுவான். யாரும் கேட்காமலே, போகிற வழியெல்லாம் தோண்டிப் போட்டுவிட்டுப் போவான். வாய்விட்டு ஒருத்தி தோண்டச் சொன்னது இந்த ஒரு செடியைத்தான். இதற்கு மட்டும் ஐயாவுக்கு யோசனை வந்துவிட்டது!

“சரி சரி, செய்றேன் போ” என்றான்.

செல்லாயி போனதும் இலைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“அண்ணே, வணக்கம்ணே!”

“யாருடா அது?”

“பொடிச்சாமிண்ணே. சிலந்திப்பேன்.”

“அப்போ அந்தக் கௌதாரி சொன்னது நிசமா?”

“நாங்க இருக்கறது நிசம். நோய்னு சொல்றது வயித்தெரிச்சல். எங்களுக்குக் கண்ணு கிடையாது, சிறகு கிடையாது. காத்து அடிச்சாப் பறந்துடுற உசுரு. நாங்களா காட்டை அழிக்கப் போறோம்? ஆனா ஒண்ணு சொல்லணும்ணே. நாங்க குடியிருந்த செடியிலயே இதுதான் அரண்மனை! இதை வளர்த்த புண்ணியவான் யாருன்னு எங்க சனமெல்லாம் கேக்குது.”

மூக்கையனின் வால் தானாக ஆடியது. வளர்த்தவன் என்று அவனை யாரும் அதுவரை சொன்னதில்லை. அவனுக்குக் கிடைத்திருந்த மற்ற பட்டங்களை இங்கே எழுத முடியாது.

பொடிச்சாமிக்கு இது உயிர்ப் பிரச்சினை. துவரையைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத கூட்டம் அது. செடி காய்ந்தால் கூண்டோடு காலி. நோயும் அதே வாயில்தான் இருந்தது. அதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டது. பாவம், வேலை அதிகம்!

மறுநாள் அணில்கள் வேடிக்கை பார்க்க வந்தன.

“அழகா இருக்கு மாமா! ஆனா பூவைக் காணோமே?”

“பூ எதுக்குடா? பூத்தாக் காய்க்கும். காய்ச்சாப் பறிப்பீங்க. பறிச்சா மொட்டையாயிடும். என் செடி எப்பவும் பச்சை!”

அணில்கள் கைதட்டின. அறிவாளிகள்!

செல்லாயி மறுபடி ஓடி வந்தாள். “இன்னுமா பிடுங்கல?”

“நாளைக்கு.”

“காத்து திரும்பப் போகுதுண்ணே! திரும்பினா இந்தப் பேன் மொத்தமும் நிலத்துலதான் இறங்கும்!”

“இறங்கட்டும். காத்தை நானா வரச் சொன்னேன்?”

காற்று திரும்பியது. பொடிச்சாமியின் சனம் இலை நுனிக்கு வந்து வரிசையாக நின்றது.

“ஏறு! ஏறு! புது வீடு பார்க்கப் போறோம்! போயிட்டு வர்றோம்ணே!” என்று கத்திக்கொண்டே நிலம் முழுக்க இறங்கியது.

கொஞ்ச நாளில் நிலமே புசுபுசுவென்று ஆனது. “எங்க செடியும் மூக்கையன் மாமா செடி மாதிரியே ஆயிடுச்சு!” என்று அணில்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தன.

மழை நின்றது. புல் காய்ந்தது. துவரை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு பூ இல்லை. ஒரு காய் இல்லை.

செல்லாயியின் குஞ்சுகள் பொரித்தது அந்த நேரத்தில்தான். வெறும் மண்ணைக் கொத்திக் கொத்திப் பார்த்தன. கடைக்குட்டிக் குஞ்சு ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. செல்லாயி அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மிச்சக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

போகிற வழியில் மூக்கையன் நின்றிருந்தான். அவனுக்கும் விலா எலும்பு தெரிந்தது. சுற்றிலும் அணில்கள், முயல்கள், மயில்கள் என்று எல்லாம் சூழ்ந்து நின்று திட்டிக்கொண்டிருந்தன.

“எங்க சோத்துல மண்ணைப் போட்டியேடா! என்னடா செஞ்சே?” என்று மயில் கேட்டது.

“நான் ஒண்ணுமே செய்யலையே!” என்று மூக்கையன் அழுதான்.

“அதைத்தாண்ணே நானும் சொல்றேன்” என்றாள் செல்லாயி. நிற்காமல் போய்விட்டாள்.

பார்க்க அழகாக இருக்கிறதென்று நோயை விட்டுவைப்பவன் எல்லார் சோற்றையும் சேர்த்துக் கெடுக்கிறான். மூக்கையனிடம் சொன்னது ஒரே ஒரு செடியைப் பிடுங்கத்தான், அவன் பிடுங்கவில்லை.