கட்டைவிரலுக்கு இருபது

பழங்கால இங்கிலாந்தின் கென்ட் நாட்டில், கடலோர மடம் ஒன்றுக்கு பெர்த்வின் என்ற துறவியம்மா தலைவியாக இருந்தார். குத்லாஃப் அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தான். அதுவரை வாள் பிடித்தவன். இப்போது காயங்களுக்கு நஷ்டஈடு விதிக்கும் அரசனின் சட்டத்தைத் தோலில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"முன்பல் போனால் ஆறு ஷில்லிங். காது போனால் பன்னிரண்டு. கட்டைவிரலுக்கு இருபது. மனித உடம்புக்குச் சந்தையில் மாட்டுக்குப் போடுவது போல விலை போடலாமா, அம்மா?"

"நாளைக்கு ஊர்க்கூட்டத்துக்குப் போகிறேன். நீயும் வா" என்றார் அவர்.

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். ஹன்வால்ட் என்ற உழவனுக்கு வலது கட்டைவிரல் போயிருந்தது. அறுவடை விருந்தில் குடிபோதையில் கத்தியை வீசியவன் ஆர்ட்கர். இருவரும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள்.

மைதானத்தின் ஒரு பக்கம் ஹன்வால்டின் நான்கு அண்ணன்கள் ஈட்டியோடு நின்றார்கள். மறுபக்கம் ஆர்ட்கரின் சொந்தக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஷில்லிங்குக்கு ஒரு மாடு. பெரியப்பா நான்கு கொடுத்தார். மாமன் ஐந்து. கணவனை இழந்த அத்தை, தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை ஓட்டி வந்தாள்.

ஊர்த்தலைவர் எண்ணிப் பார்த்தார். பதினேழுதான் இருந்தன.

"மூன்று குறைகிறது" என்றான் மூத்த அண்ணன். "குறைவதை ரத்தத்தில் எடுத்துக்கொள்கிறோம்."

ஈட்டிகள் உயர்ந்தன. எதிர்ப்பக்கம் ஒருவன் கோடாரியைத் தூக்கினான். குத்லாஃபின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. அங்கே வாள் இல்லை.

பெர்த்வின் இரு கூட்டத்துக்கும் நடுவே நடந்துபோய் ஹன்வால்டின் முன்னால் நின்றார்.

"போனது உன் விரல். நீ சொல்."

ஹன்வால்ட் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"உழவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இந்தக் கையில் கலப்பை நிற்காது." பிறகு ஆர்ட்கரை நிமிர்ந்து பார்த்தான். "நீ வந்து பிடிப்பாயா?"

ஆர்ட்கர் கூட்டத்திலிருந்து முன்னே வந்தான்.

"பிடிக்கிறேன்."

"குறைகிற மூன்றுக்கு மூன்று வருஷம்."

"மூன்று வருஷமும் வருகிறேன். போதாது என்றால் நான்காவது வருஷமும் வருகிறேன்."

"குடிக்காமல் வா."

யாரோ சிரித்துவிட்டார்கள். மூத்த அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அவன்தான் முதலில் ஈட்டியைத் தாழ்த்தினான்.

மடத்துக்குத் திரும்பும் வழியில் குத்லாஃப் கேட்டான்.

"அம்மா, அவனுக்கு விரல் திரும்பி வரவில்லையே."

"வரவில்லை."

"அப்படியென்றால் அந்த மாடுகள் எதற்கு?"

அவர் நடையை நிறுத்தினார். "உன் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?"

மடத்தில் யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.

"என் அண்ணனுக்கு. சண்டையில் ஒரு காது போய்விட்டது. மறுவாரமே வெட்டியவனின் வீட்டார் பன்னிரண்டு மாடுகளை ஓட்டி வந்தார்கள். மானத்தை விற்க மாட்டோம் என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்."

"அதற்கப்புறம்?"

"நாங்கள் அவர்களில் ஒருவனைக் கொன்றோம். அவர்கள் அண்ணனைக் கொன்றார்கள். அடுத்த குளிர்காலத்தில் அப்பாவை." அவன் குரல் தாழ்ந்தது. "பழி வாங்க மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். வாளைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன்."

கீழே பாதையில் ஹன்வால்டின் அண்ணன்கள் மாடுகளை ஓட்டிப் போனார்கள். ஒரு மாடு ஓடையில் இறங்கிக்கொண்டு வர மறுத்தது. நால்வரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அதை இழுத்தார்கள்.

பெர்த்வின் அவர்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பன்னிரண்டு மாடுகளும் காதுக்காக வந்தவை இல்லை, குத்லாஃப். உன் அண்ணனும் அப்பாவும் உயிரோடு இருப்பதற்காக வந்தவை."