மூன்றாவது வளைவு

“உடம்புல ஏறும்போது தெரியும். இறங்கிடுச்சான்னு மட்டும் உடம்புக்காரனுக்குத் தெரியாது. அது என்ன?” என்று கேட்டார் பொன்னுருவி அம்மை.

சீடன் வடுகநாதன் தலையைச் சொறிந்தான். மலைமேல் இருக்கும் மடத்துக்கு அவன் ஜீப் ஓட்டி வந்தது வேறொரு கேள்வியோடு. கஞ்சாவுக்கு இருந்த தடையை மலைநாட்டுச் சபை போன வருஷம் நீக்கிவிட்டது. அதன்பின் பாதையில் வண்டிகள் கவிழ்ந்தன. தடை மறுபடி வேண்டுமா என்று ஊரெல்லாம் ஒரே வாக்குவாதம். நாளை சபையில் ஜீப் ஓட்டிகளுக்காகப் பேசப்போகிறவன் அவன்தான்.

“காய்ச்சலா அம்மா?”

“காய்ச்சல்னா தொட்டுப் பார்க்க வீட்டுல ஆள் உண்டு. வேற சொல்லு.”

“விடுகதை கிடக்கட்டும் அம்மா. தடை இருந்தப்பவும் தின்னவன் ஒளிஞ்சு தின்னான். ஜெயிலுக்குப் போனவன் ஏழை. நேத்து கல்யாண வீட்டுல நானே ஒரு உருண்டை கஞ்சா லேகியம் போட்டேன். தூங்கி எழுந்தேன், சரியாப் போச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஏழை ஜெயிலுக்குப் போனது நிஜம். சபையில அதைச் சொல்லு. வளைவுல ஹாரன் அடிக்கிறியே, யாருக்கு?”

“எதிரே வர்றவனுக்கு.”

“இன்னிக்கு அடிச்சியா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! இந்தப் பாதையிலேயே பொறந்து வளர்ந்தவன் நான். வளைவுக்கு வளைவு அடிச்சேன்.”

வாசற்படியில் அவன் மகள் தெய்வானை கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவது வளைவுல அடிக்கலப்பா. பால்கார மாமா பாறையோட ஒட்டிக்கிட்டுத் திட்டினாரே.”

“எந்தப் பால்காரர்?” என்றான் வடுகநாதன்.

“சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரே, அவரு.”

ஹாரன் அடித்த ஓசை வடுகநாதன் காதில் அப்படியே இருந்தது. பால்காரர்தான் நினைவில் இல்லை.

“இப்போ தெளிவாத்தான் இருக்கேன் அம்மா” என்றான்.

“என்னைக் கேட்காதே. நான் உன் வண்டியில வரல. வர்றவளைக் கேளு.”

வடுகநாதன் போய் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தான்.

“வா தெய்வா. மெதுவாத்தான் போவேன். அப்பாவை நம்பமாட்டியா?”

தெய்வானை அப்பாவைப் பார்த்தாள். மடத்து வாசலில் பூ விற்று முடித்து வீடு திரும்பும் பெண்களைப் பார்த்தாள். பிறகு ஜீப்புக்குள் கிடந்த தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர்களோடு மலைப்படி வழியாக இறங்கி நடந்து போனாள்.