கேட்டுக்குள் நின்ற பைக்குகள்

பொங்கலுக்குச் செங்கல் சூளை முதலாளி தணிகாசலம், அங்கேயே தங்கி வேலை செய்யும் கூலியாட்களுக்கெல்லாம் கடனுக்குப் பளபளவென்று பைக் வாங்கித் தந்தார். "மெதுவா வேலை செஞ்சு கழிச்சுக்கலாம்" என்றார். வேடியப்பன் மட்டும் வேண்டாமென்றான்.

"பைக் இல்லாத நீயெல்லாம் ஆம்பளையாடா?" என்றான் கூட்டாளி மாரி. எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளிக்குக் கோபம். "என் பைக் உனக்கு இளப்பமா? காரணம் சொல்லு, இல்லேன்னா கடன் பத்திரத்துல கைநாட்டு வை."

"வைக்கிறேன் மொதலாளி. முதல்ல மாரி சந்தை வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும், பார்க்கிறேன்."

மாரி குஷியாக வண்டியைக் கிளப்பினான். முதலாளி பதறி எழுந்தார்.

"டேய், கேட்டை மூடு! கடன் தீராம எவனும் வெளியே போகக் கூடாது!"

சிரிப்பு அடங்கிப்போயிற்று. வேடியப்பன் கைநாட்டு வைக்கவில்லை.

மழைக்காலம் வந்து சூளை வேலை நின்றதும், வரிசையாக நின்ற பைக்குகளைத் தாண்டி, வேடியப்பன் ஒருவன்தான் சொந்த ஊருக்கு நடந்துபோனான்.