குடை இறங்கக் கூடாது

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு சின்ன மடம். மண்டபத்துக்குப் பலகை அடித்த தாழ்வான கூரை. மார்கழி வந்துவிட்டால் உள்ளே உட்கார்ந்து வாயைத் திறந்தாலே புகை வரும். பாட வருகிற கிழவர்களுக்குப் பாதிப் பாட்டிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும்.

அந்த மடத்துச் சாமிக்கு நாற்பது வயசுதான். சீடர் அம்பலவாணனுக்கு அறுபது தாண்டியாச்சு. சாமி அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"அப்படிக் கூப்பிடாதீங்க சாமி. நாலு பேர் கேக்கறாங்க."

"கேட்டா என்ன அண்ணே?"

"பீடத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல."

சாமி சிரித்துக்கொள்வார். மறுபடியும் அண்ணே என்பார்.

அம்பலவாணனுக்கு மடம் கொடுத்த வேலை குடை பிடிக்கிறது. வெள்ளைப் பட்டுக்குடை, நெட்டை மூங்கில் காம்பு, சுற்றிலும் சரிகைக் குஞ்சலம். குருபூசை அன்றைக்குச் சாமி மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசற்படியை ஒட்டி நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்கணும். அதுவரைக்கும் குடை தலைக்கு மேலே ஆடாமல் நிற்கணும். சாமி உட்கார்ந்தால்தான் குடை இறங்கலாம். நிற்கிற சாமிக்கு மேலிருந்து குடை இறங்கினால் மடத்துக்கு ஆகாது. அங்கே அது வழக்கம்.

அம்பலவாணன் கையில் குடை ஒருநாளும் இறங்கினதில்லை. ஒரு வருசம் பேய்க்காற்று அடித்து மரமே சாய்ந்தது. குடை சாயவில்லை. அதிலே அவருக்கு ஒரு பெருமை. இருக்கத்தானே செய்யும்?

அந்த வருசம் யாரோ ஒரு பக்தர் இரண்டு கேஸ் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தார். சங்கிலி போட்டுக் கூரையில் தொங்கவிடுகிறது; வாசல் பக்கம் ஒன்று, பாடுகிறவர்கள் பக்கம் ஒன்று. பற்றவைத்தால் அதன் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதை மாட்டக் கோயம்புத்தூரிலிருந்து சூசை என்று ஒரு மெக்கானிக் வந்தார். கூட நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்பலவாணனுக்கு.

சூசை டேப்பை இழுத்து இழுத்து அளந்தார்.

"மேல பலகைக்கும் இதுக்கும் நடுவுல இடம் விடணுமுங்க. பக்கத்துல அந்தத் திரைச்சீலை தொங்குதுங்களே, அதைக் கழட்டிருங்க. கீழதான் எல்லாத்தையும்விட அதிகமா விடணும்."

"சூடு மேலதானப்பா போகும்?"

"அது உங்க விறகடுப்புங்க. இது வெயிலாட்டம். எதிர்ல என்ன இருக்குதோ அதைப் புடிச்சுக் காய்ச்சும்."

ஏணியில் நின்றபடியே சூசை கேட்டார்.

"ஏனுங்க, இதுக்குக் கீழ வர்றதுலயே உசரமானது எதுங்க?"

"ஆள்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தோரணம், பந்தக்கால், ஏணி, இப்படி ஏதாச்சும்?"

அம்பலவாணன் நிஜமாகவே யோசித்தார். தோரணத்தை வெளியே கட்டிக்கொள்ளலாம். ஏணி பின்கட்டில் கிடக்கும்.

"ஒண்ணுமில்லப்பா. ஆள்தான்."

சூசை அந்தக் கணக்குக்குச் சங்கிலியை நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஏத்துனாப் பலகை கருகும். கீழ இறக்குனாத் தலை காயும். சங்கிலியை யாரும் தொட வேண்டாமுங்க. ஜன்னலை ஒரேயடியா அடைக்காதீங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா மொதல்ல வால்வை மூடுங்க."

வால்வை எப்படி மூடுவது என்று சமையல் பார்க்கிற பாப்பாத்திக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்பலவாணன் சாமியிடம் வந்தார்.

"சாமி, நெருப்புக்கு எவ்வளவு தள்ளி நின்னாப் பத்திரம்?"

"சூசை சொல்லிட்டுப் போனாரே."

"அவர் சொன்னாரு. இருந்தாலும் சாமி வாயால கேக்கணும்."

"எனக்கு டேப் பிடிக்கத் தெரியாதே அண்ணே."

குருபூசை அன்றைக்கு மூடுபனி. விடியும்போதே ஹீட்டரைப் பற்றவைத்தாயிற்று. முன்வரிசையில் பாட்டுக்காரர் சென்னிமலை சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏ பாப்பாத்தி, மிளகு ரசம் குடிச்சாப்ல இருக்கு!"

"அப்ப இன்னிக்கு ரசம் வேண்டாமா உங்களுக்கு?"

"அடிப்பாவி, அதுவும் வேணும்."

சங்கு ஊதினார்கள். சாமி உள்ளே நுழைந்து வாசற்படியை ஒட்டி நின்றார். அம்பலவாணன் வாசலில் குனிந்து குடையைக் கொண்டுவந்து, உள்ளே வந்ததும் தூக்கி நிறுத்தினார். எப்போதும்போல முழுக்கைக்கும் தூக்கித்தான் நிறுத்தினார். சென்னிமலை பாட ஆரம்பித்தார்.

முதல் அடி முடிந்தது. அம்பலவாணன் மூக்கில் ஏதோ பட்டது. முடி பொசுங்குகிற வாடை. யாரோ விளக்கில் தலையைக் கொடுத்துவிட்டார்களோ என்று பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை.

அண்ணாந்து பார்த்தார்.

வெள்ளைப் பட்டு நடுவிலே தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. அதற்கு மேலே, கிட்டத்திலேயே, அந்தச் சிவப்பு முகம்.

பாட்டு நடக்கும்போது சாமியை நகரச் சொல்ல முடியுமா? அவர் நகர்ந்தாலும் குடை கூடவே போகணும். எரிந்துகொண்டே ஜனங்கள் தலைக்கு மேலே போகணும்.

தேத்தண்ணி நிறம் கறுப்பாயிற்று. கறுப்பிலே ஓட்டை விழுந்தது. ஓட்டையின் ஓரம் மினுக்கியது. குஞ்சலம் குப்பென்று பிடித்துக்கொண்டது.

சென்னிமலை பாட்டு நின்றது.

"யோவ், எரியுது! குடையை இறக்குய்யா!"

"சாமி நிக்கறாரு!" என்று கத்தினார் அம்பலவாணன்.

"இறக்குய்யா!"

"சாமி நிக்கறாரே! எப்படி இறக்குவேன்?"

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. காம்பு மட்டும் நேராக நிற்கிறது. எரிகிற சரிகை ஒரு இழை அறுந்து சாமியின் வெறுந்தோளில் விழுந்தது.

சாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு அம்பலவாணன் முகத்தைப் பார்த்தார்.

பார்த்துவிட்டுத் தொப்பென்று தரையில் சரிந்தார். ஜனங்கள் ஈரக்காலோடு மிதித்து வந்த அந்த இடத்திலேயே.

"ஐயோ, சாமி!" மண்டபமே எழுந்துவிட்டது. உயிர் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"உக்காந்துட்டேன் அண்ணே. இறக்குங்க."

குடை இறங்கியது.

பாப்பாத்தி ஓடிப்போய் வால்வை மூடினாள். யாரோ அண்டாத் தண்ணீரைத் தூக்கிக் குடைமேல் கொட்டினார்கள். புஸ் என்றது. வாய் பொத்தினவர்கள் பொத்தினபடியே நின்றார்கள். குழந்தைகள்கூட அழவில்லை.

அம்பலவாணன் இரண்டு கையாலும் காம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். விடச் சொல்லியும் விரல் பிரியவில்லை. பாப்பாத்திதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

சாமி பீடத்துக்குப் போகவில்லை. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சென்னிமலை ஐயா, பாட்டுல பாதி பாக்கி இருக்கு."

சென்னிமலை தொண்டையைச் செருமினார். விட்ட அடியிலிருந்து பாடினார்.

ஜனங்கள் போனபிறகு சாமி மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் வாழையிலைக் குருத்தை வைத்துக் கட்டியிருந்தது. அம்பலவாணன் எரிந்த குடைக்கம்பிகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தார்.

"எரியுதுங்களா சாமி?"

"எரியுது."

"நானும் பக்கத்துலதான நின்னேன். எம்மேல விழுந்திருக்கக் கூடாதா?"

சாமி தோளில் நழுவின குருத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சூசை ரெண்டு தரம் கேட்டாரு சாமி. யோசிச்சுச் சொல்லுன்னாரு. குடை ஞாபகமே வரல."

"தினமும் நீங்க துடைக்கிற குடை."

"அதை ஒரு பொருள்னே நான் நினைச்சதில்ல."

சாமி தலையை ஆட்டினார்.

"சங்கிலியைக் கொஞ்சம் ஏத்திரட்டுமா?"

"பலகை கருகும்னாரே."

"அப்ப ஹீட்டரையே கழட்டிரலாம்."

"சென்னிமலை தொண்டை என்ன ஆகும்?"

அம்பலவாணன் கம்பிகளைக் கீழே வைத்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாம் நான் சூசைகிட்டத் தப்பாச் சொன்னதால வந்தது சாமி. இதுக்குக் கீழ வர்றதுலயே உசரமானது எதுன்னு கேட்டாரு. ஆள்தான்னு சொல்லிட்டேன்."

சாமி கட்டுப்போட்ட தோளை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க அண்ணே."